கறுத்த நுரையீரலும் அம்மாவின் முறமும்

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒருநாள் பயிற்சி, மாணவர்களிடையே புகையிலைத் தடுப்பு பற்றி. பள்ளிக்கு ஓர் ஆசிரியர் வர வேண்டும் என்றதும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அறிவியல் டீச்சர் என்றால் இப்படித்தான்.

காலையில் சட்டம். 2003-ஆம் வருடச் சட்டப்படி 18 வயது ஆகாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. அந்த எல்லையில் ரோட்டில் மஞ்சள் கோடு போட வேண்டும். அப்புறம் வழக்கமான கறுத்த நுரையீரல் படம். அதைக் காட்டினால் என் எட்டாம் வகுப்பு ரெண்டு நாள் பயப்படும், மூன்றாம் நாள் அதற்கு ஒரு பட்டப்பெயர் வைக்கும்.

மதியம் வந்த பல் மருத்துவர்தான் உருப்படியாகப் பேசினார். இப்போது பையன்கள் புகைக்கவே வேண்டாம், சின்னப் புகையிலைப் பொட்டலத்தைக் கீழுதட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டு நம் முன்னாலேயே உட்கார்ந்திருப்பார்கள் என்றார். ஈறு ஓரம் வெள்ளையாகத் தடித்திருக்கிறதா, வாய் முழுசாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று விரலைச் சேர்த்து நெட்டுக்குத்தாக வாய்க்குள் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஹாலில் இருந்த அத்தனை ஆசிரியர்களும் வாயில் விரலோடு உட்கார்ந்திருந்ததைப் பிள்ளைகள் பார்த்திருக்க வேண்டும்! மாட்டின பையனைப் பிரேயரில் நிறுத்தாதீர்கள், டி.சி. கொடுத்து அனுப்பாதீர்கள், முதலில் யார் கொடுத்தது என்று தனியாகக் கேளுங்கள் என்றார். குறித்துக்கொண்டேன்.

ஆனால் எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். இங்கே பாதி வீட்டில் சாயங்காலம் திண்ணையில் முறம் இருக்கும். முறத்தில் பீடி இலையும் புகையிலைத் தூளும் இருக்கும். மஞ்சள் கோட்டை எங்கே போடுவது? என் பி.எட். ஃபீஸே அம்மா பீடி சுற்றிக் கட்டியதுதான். பயிற்சிக் கையேட்டில் இதற்கு ஒரு பக்கம்கூட இல்லை.

திங்கட்கிழமை எட்டாம் வகுப்பில் ஆரம்பித்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள். "எங்கம்மை பீடி சுத்துதா டீச்சர். அது தப்பா?"

தப்பில்லை என்றேன். சட்டென்று வேறு எதுவும் வரவில்லை. பிறகு என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன்: ராத்திரி ஈரத்துணியில் சுற்றி வைத்த இலை, தூள் நெடியில் வரும் இருமல், பீடிக்கடையில் கழித்துப்போட்ட கட்டுக்குக் கூலி கிடைக்காமல் வந்து பேசாமல் படுத்துக்கொண்டது. உங்கள் வீட்டில் யார் இருமுகிறார்கள் என்று கேட்டேன். கைகள் எழுந்தன. புகைக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் சுற்றுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகவே தூக்கியிருந்தார்கள்.

"நீங்களும் பீடி மடக்கியிருக்கீங்களா டீச்சர்?" என்றாள் அதே பிள்ளை.

"ஆறாங் கிளாஸ்லருந்து."

"ஒரு மணி நேரத்துக்கு எத்தன கட்டு?"

சொன்னேன். அவள் என்னைவிட வேகம். நுரையீரல் படம் மேஜையில் சுருட்டியபடியே கிடந்தது, மணி அடித்துவிட்டது.