ஈஐஏ 2020: ஏற்காட்டிலிருந்து ஆட்சேபணை அனுப்பிய அனுபவம்

ஒரு திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று அனுமதிக்கு முன் பார்ப்பதுதான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு (ஈஐஏ). அதற்கான மத்திய அரசின் புது வரைவு அறிவிக்கை 2020 ஏப்ரலில் அரசிதழில் வந்தது. ஊரே பூட்டிக் கிடந்த நேரம். கருத்துச் சொல்ல 60 நாள், அதுவும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். டெல்லி உயர் நீதிமன்றம் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டி, எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் நாங்கள் வைத்துப் படித்தது வாட்ஸ்அப்பில் சுற்றிய தன்னார்வலர் தமிழாக்கத்தைத்தான்.

சேலம்–சென்னை எட்டு வழிச்சாலை வழக்கு அப்போது உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. சேலத்துக்காரர்களுக்குக் கோபத்துக்குப் பஞ்சமில்லை. 'வரைவைத் திரும்பப் பெறு' என்று ஒரே வரியை நூறு பேர் அனுப்பும் வேலையில் எனக்கு நம்பிக்கையில்லை. எந்தப் பிரிவு, அதனால் இங்கே என்ன ஆகும், பதிலுக்கு என்ன வேண்டும் என்று எழுதினால்தான் கோப்பில் நிற்கும்.

எங்களை அதிக நேரம் பிடித்து வைத்தது 20 நாள் விவகாரம். 2006 அறிவிக்கைப்படி பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு. வரைவு அதை 20 ஆக்கியது. பத்து நாளில் என்ன போய்விடும் என்று கேட்ட ஒருவருக்குப் பக்கத்து ஊர் அக்கா சொன்னது: "பேப்பரே மத்தியானம்தான் மேல வருது தம்பி. அதுல ஏல நோட்டீஸ் பக்கத்தை யாரு பாக்கறா? காபி பழம் எடுக்கற மாசமா இருந்தா கேக்கவே வேண்டாம்." அதை அப்படியே எழுதினோம். கூடவே, திட்டத்தின் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் தமிழில் கிடைப்பது சுருக்கம்தான். முழு அறிக்கையைப் பார்க்க இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கலெக்டர் ஆபீஸ் போக வேண்டும், அதைப் படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டும் என்பதையும். பாக்சைட் வெட்டிய மலை இது. குடிநீர், வேலை, மேய்ச்சல் பற்றிப் பேச இங்கே ஆளுக்கொரு சங்கதி உண்டு. அதைச் சட்டத்தோடு கோத்துச் சொல்ல அவகாசம் வேண்டாமா?

அடுத்தது 22ஆம் பிரிவு. சுற்றுச்சூழல் அனுமதியில்லாமல் வேலை தொடங்கிய திட்டத்தைப் பற்றி நிறுவனமே சொல்லலாம், அரசு அதிகாரி சொல்லலாம், மதிப்பீட்டுக் குழு கண்டுபிடிக்கலாம். பாதிக்கப்படும் ஊர்க்காரனுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. இதற்கு விளக்கமே தேவைப்படவில்லை, இரண்டு வரியில் முடித்தோம். அனுமதியின் நிபந்தனைகளைக் கடைப்பிடிப்பதாக நிறுவனம் ஆறு மாதத்துக்கொரு முறை தர வேண்டிய இணக்க அறிக்கையை ஆண்டுக்கொன்று ஆக்கியதையும் சேர்த்தோம்.

ஜூலையில் பஸ் நின்றதால் கையெழுத்து வாங்கச் சுற்ற முடியவில்லை. அவரவர் பெயரில், அவரவர் ஊர் விவரத்தோடு தனித்தனி மின்னஞ்சலாகப் போனது, அதுவும் நல்லதுக்குத்தான்.

லட்சக்கணக்கில் கருத்துகள் குவிந்தன. அந்த வரைவு இறுதி அறிவிக்கையாகவில்லை. 2006 விதிதான் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓடுகிறது. வரைவாக வரும் திருத்தத்துக்காவது ஆட்சேபணை எழுதலாம். அமைச்சகம் தானாக வெளியிடும் உள் உத்தரவான அலுவலகக் குறிப்பாணையாக வருவதற்கு நம்மிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. இப்போது நான் அதிகம் கண் வைத்திருப்பது அவற்றின் மேல்தான்.