வேர்த்தூவி டைரி: சோயாவும் லிக்விட் நைட்ரஜனும்

ஜூன் 10
சோயா விதைய பிளீச்ல கழுவி அகார் தட்டுல அடுக்கி இருட்டுல வெச்சாச்சு, மூணு நாள்ல வேர் நீண்டு வெள்ளையா தூவி வந்துடும். ஒவ்வொரு தூவியும் ஒரே ஒரு செல், அதான் இதுல மஜாவே. முழு வேரையும் அரைச்சு ஆர்என்ஏ (எந்த ஜீன் வேல செய்யுதுன்னு காட்டற நகல்) எடுத்தா எல்லா வகை செல்லும் கலந்துதான் வரும். வேர்ல குடியேற வர்ற நட்பு பாக்டீரியாகிட்ட மொதல்ல பேசறது தூவி, ஆனா அந்தப் பேச்சு கல்யாண மண்டபத்துல கெட்டிமேளம் அடிக்கறப்ப சொன்ன ரகசியம் மாதிரி காணாம போயிடும்.

ஜூன் 13
பிராடிரைசோபியம் தெளிச்சேன், சோயா வேர்ல முடிச்சு உண்டாக்கி காத்து நைட்ரஜன செடிக்கு உணவாக்கித் தர்ற ரைசோபியம் வகை பாக்டீரியா அது. பாதி தட்டுக்கு வெறும் தண்ணி, அது ஒப்பிட்டுப் பாக்கற கன்ட்ரோல். வேர் ஜெனிஸ்டீன், டெய்ட்சீன்னு ஃபிளேவனாய்டு ரசாயனம் விடுது, அதுல பாக்டீரியாவோட நாட் ஜீன்கள் (முடிச்சு போட வைக்கற ஜீன்கள்) முழிச்சு நாட் ஃபேக்டர்ங்கற பதில் சிக்னல தயாரிக்குது, தூவியோட சவ்வுல இருக்கற என்எஃப்ஆர்1, என்எஃப்ஆர்5 ரிசெப்டர்கள் அத பிடிச்ச கொஞ்ச நேரத்துல நியூக்ளியஸ்ல கால்சியம் ஏறி இறங்க ஆரம்பிக்குது, அதுக்கப்பறம்தான் செடியோட 'நின்' (NIN) மாதிரி முடிச்சுக்கான ஜீனெல்லாம் ஆன் ஆகும். இந்த ரிசெப்டர்கள கண்டுபிடிச்சது சோயால இல்ல, லோட்டஸ் ஜப்பானிகஸ்ங்கற இன்னொரு பயறு வகைச் செடில, 2003ல.

ஜூன் 14
24 மணி நேரம் ஆச்சு, அறுவடை. நாத்த கத்தரிச்சு வேர மட்டும் லிக்விட் நைட்ரஜன்ல போட்டு கண்ணாடி குச்சியால கிண்டிகிட்டே இருக்கணும், உறைஞ்ச தூவியெல்லாம் ஒடிஞ்சு கீழ விழும், சல்லடைல வடிச்சா தூவி தனி, மொட்ட வேர் தனி. நைட்ரஜன் வத்த வத்த ஊத்தணும், கை மரத்துப் போகுது. இவ்ளோ நாத்துக்கும் கெடச்சது ஒரு சிட்டிகை பொடி!

ஜூன் 18
க்யூபிசிஆர் (ஒரு ஜீன் எவ்ளோ வேல செய்யுதுன்னு அளக்கற டெஸ்ட்) ரிசல்ட் வந்துச்சு. பாக்டீரியா பட்ட தூவில நின் நல்லா ஏறியிருக்கு, மொட்ட வேர்ல ஏதோ பேருக்கு. இதே உரிக்கற வேலைய மிசூரி பல்கலைக்கழக குரூப் பெரிய அளவுல செஞ்சு 2010ல வெளியிட்டாங்க, தொற்று நடக்கறப்ப தூவில 1,973 ஜீன் மாறுதாம். ஆனா எனக்கு நின் ஜீன விட தற்காப்பு ஜீன்கள் மேலதான் கண்ணு, ரைசோபியம் வந்ததும் எதிரின்னு நெனச்சு ஏறி, ஆளு யாருன்னு தெரிஞ்சப்பறம் அடங்கிடும்னு மெடிகாகோங்கற பயறு வகைச் செடில பாத்திருக்காங்க. அதப் பிடிக்க 24 மணி ரொம்ப லேட், 1 மணி, 6 மணில எடுக்கணும். நைட்ரஜன் வண்டி வெள்ளிக்கிழமதான் வருமாம், அதுவரைக்கும் அந்த ஜீன்கள க்யூபிசிஆர்ல தேடிப் பிடிக்கற பிரைமர் (சின்ன டிஎன்ஏ துண்டு) டிசைன் பண்ணிட்டிருக்கேன்.