ஒரே ஹோஸ்ட், இரண்டு இணைய இணைப்புகள்: மெய்நிகர் கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்த அனுபவம்

இரண்டு ஈதர்நெட் போர்ட்டுகள் கொண்ட ஒரு லினக்ஸ் கணினியில், கேவிஎம் (லினக்ஸ் கெர்னலிலேயே உள்ள மெய்நிகராக்க வசதி) துணையுடன் இரண்டு மெய்நிகர் கணினிகளை (கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் தனிக் கணினிகளை) இயக்கி வருகிறேன். முதலாவது ஓர் இணைய இணைப்பிலும், இரண்டாவது மற்றோர் இணைப்பிலும் மட்டுமே வெளியே செல்ல வேண்டும். இவற்றைத் தாங்கும் ஹோஸ்ட் கணினி அந்த இரண்டாம் இணைப்பைத் தொடவே கூடாது என்பது நான் வகுத்துக்கொண்ட நிபந்தனை.

மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்விர்ட் மென்பொருள் இயல்பாகத் தரும் வலையமைப்பு 192.168.122 என்று தொடங்கும் முகவரிகளை வழங்கி, நாட் முறையில் அனைத்தையும் ஹோஸ்ட்டின் முகவரியாக மாற்றி அனுப்புகிறது. ஆகவே எத்தனை மெய்நிகர் கணினிகள் இருந்தாலும், அவற்றின் பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) ஹோஸ்ட்டின் ரூட்டிங் அட்டவணை காட்டும் ஒரே வழியில்தான் போகும். அனுப்புநர் முகவரியைப் பார்த்து வழியைப் பிரிக்கும் விதிகளை எழுதி இதை மாற்றலாம். ஆனால் அவ்விதிகள் செயல்பட ஹோஸ்ட்டுக்கும் இரண்டாம் இணைப்பில் ஒரு முகவரி தேவைப்படும் என்பதால் அம்முறையை விலக்கிவிட்டு, போர்ட்டுக்கு ஒரு பிரிட்ஜ் (போர்ட்டையும் மெய்நிகர் கணினியையும் இணைக்கும் மென்பொருள் சுவிட்ச்) என்று அமைத்தேன்.

முதல் பிரிட்ஜில் முதல் போர்ட்டைச் சேர்த்து, ஹோஸ்ட்டின் ஐபி முகவரியைப் பிரிட்ஜுக்கே மாற்றினேன். இரண்டாம் பிரிட்ஜுக்கு முகவரியே கொடுக்கவில்லை. முழு ஏற்பாடும் இதைத்தான் நம்பியிருக்கிறது. முகவரியில்லாத பிரிட்ஜ் வெறும் சுவிட்சாக மட்டும் நடந்துகொள்வதால், அதில் இணைந்த மெய்நிகர் கணினி அந்த இணைப்பின் ரவுட்டரிடமிருந்து நேரடியாக முகவரியையும் கேட்வேயையும் (வெளியே செல்லும் வாயிலின் முகவரி) பெறுகிறது. இங்கே பழைய முகவரி முறையான ஐபிவி4-ஐ மட்டும் நிறுத்தினால் போதாது. லினக்ஸில் இணைப்புகளை அமைக்கும் நெட்வொர்க்மேனேஜரில், புதிய முகவரி முறையான ஐபிவி6-இன் அமைப்பை ‘இக்னோர்’ என்று வைத்தால், கெர்னல் தானாகவே பிரிட்ஜுக்கு ஒரு முகவரியை அமைத்துக்கொள்ள வழி இருக்கிறது. ‘டிசேபிள்ட்’ என்று வைத்தால்தான் அந்த வழி அடைபடும்.

அடுத்து, மெய்நிகர் கணினி தொடங்கியபின் முகவரி கிடைப்பதற்கு அரை நிமிடம் பிடித்தது. நெட்வொர்க்மேனேஜர் உருவாக்கும் பிரிட்ஜில் சுழல் பாதைகளைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ இயல்பாகவே இயங்குகிறது. புதிதாகச் சேரும் போர்ட், கேட்கும் நிலையில் 15 விநாடியும் கற்கும் நிலையில் 15 விநாடியும் காத்திருந்த பிறகே தரவைக் கடத்தும். சுழல் பாதை உருவாக வாய்ப்பே இல்லாத என் அமைப்பில் அதை அணைத்துவிட்டேன், தாமதம் மறைந்தது.

சோதனையில் இரண்டாம் போர்ட்டின் கேபிளைப் பிடுங்கியபோது, முதல் மெய்நிகர் கணினியின் பதிவிறக்கம் தடையின்றித் தொடர்ந்தது. கேபிள் போனது இரண்டாவது மெய்நிகர் கணினிக்குத் தெரியவே இல்லை. அதன் விர்டியோ எனும் மெய்நிகர் வலையமைப்பு அட்டை பிரிட்ஜோடுதான் இணைந்திருக்கிறது என்பதால், ‘இணைப்பு உள்ளது’ என்றே காட்டிக்கொண்டிருந்தது. இது எரிச்சலூட்டும் விஷயம்தான். கேட்வேக்கு அவ்வப்போது பிங் அனுப்பிப் பார்க்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை அதற்காக உள்ளே வைத்திருக்கிறேன்.

மெய்நிகர் கணினியை நேரடியாகப் போர்ட்டோடு இணைக்கும் மேக்விடேப் முறையையும் முயன்று பார்த்தேன். பிரிட்ஜே தேவைப்படாத எளிய முறை அது. ஆனால் மெய்நிகர் கணினியால் தன் ஹோஸ்ட்டோடு அதே போர்ட் வழியே பேச முடியாது. இரண்டாம் இணைப்புக்கு இந்தக் குறையே எனக்கு அனுகூலம். முதல் மெய்நிகர் கணினியோ ஹோஸ்ட்டில் உள்ள கோப்புகளை எடுக்க வேண்டியிருப்பதால், அங்கே பிரிட்ஜ்தான் தொடர்கிறது. மூன்றாவது மெய்நிகர் கணினியைத் தனி இணைப்போடு சேர்க்கும்போது போர்ட் மிச்சமிராது. அப்போது விலேன் குறிச்சொற்களால் (ஒரே கேபிளில் செல்லும் வலையமைப்புகளைத் தனித்தனியாக அடையாளப்படுத்துபவை) ஒரே கேபிளைப் பிரிக்க வேண்டும், அதற்கு விலேன் அறிந்த சுவிட்ச் ஒன்றும் வேண்டும்.