என் மகனின் ஷன்டும் விடாத காய்ச்சலும்

மகனுக்கு நான்காம் மாதத்திலேயே மூளையில் நீர் கோத்து, அதை வடிக்க ஷன்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்தோம். வழக்கமான வி.பி. ஷன்ட்தான், நீர் வயிற்றுக்குள் வடியும். ஒன்பது வயதில் வயிற்றில் தொற்று வந்து உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டதால், கழுத்து ரத்தக்குழாய் வழியாக இதயத்தின் வலது மேலறைக்குப் போகும் வி.ஏ. ஷன்டாக மாற்றினார்கள். தலைவலி, வாந்தி என்றால் உடனே வாருங்கள் என்றார்கள். இதயத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

பதினாறு வயதில், சாயங்காலமானால் 99, 100 என்று காய்ச்சல். வைரல் என்றார்கள், அப்புறம் டைபாய்டு என்றார்கள். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் நான்கு நாள் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும், இப்படியே இரண்டு மாதம். தலைவலி இல்லை, ஸ்கேனும் சரியாக இருந்தது, அதனால் ஷன்ட் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மாடி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கினான். ஒருநாள் காலையில் "அம்மா, இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டான். சிறுநீர் டிகாஷன் நிறத்தில் இருந்தது, மேலே நின்ற நுரை கலையவே இல்லை.

சிறுநீரக டாக்டர்தான் முதன்முதலாகக் கேட்டார்: "ஷன்ட் எங்கம்மா போய் முடியுது?" சொன்னதும் எக்கோ என்ற இதய ஸ்கேனும், ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் வெவ்வேறு நேரத்தில் மூன்றும் எழுதினார். எக்கோவில் பார்த்தால் ஷன்ட் குழாய் நுனியில் ரத்தக்கட்டி. அதிலிருந்து துணுக்குகள் நுரையீரலுக்குப் போனால் அங்கே ரத்த அழுத்தம் ஏறிவிடுமாம். கல்ச்சரில் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், நம் எல்லோர் தோலிலும் இருக்கிற கிருமிதான், சிலிகான் குழாயில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் சத்தமில்லாமல் ரத்தத்தில் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அதை எதிர்க்க உடம்பு உருவாக்கிய எதிர்ப்புப் பொருட்கள் கிருமியின் துணுக்குகளோடு சேர்ந்து சிறுநீரக வடிகட்டியில் போய்ப் படிந்துவிட்டன. ஷன்ட் நெஃப்ரைட்டிஸ் என்று பெயர்.

வி.ஏ. ஷன்ட் உள்ளவர்களுக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே பிளட் கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரை உள்ளே போய்விட்டால் கல்ச்சரில் கிருமி சிக்காமல் போகலாம். யார் என்ன நினைத்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

குழாய் முழுவதையும் எடுத்துவிட்டு, தலையிலிருந்து வெளியே ஒரு பைக்கு நீரை வடித்தார்கள். வடிகிற உயரத்தைக் காது மட்டத்துக்குக் கணக்குவைத்துத்தான் வைப்பார்கள். கட்டிலை நிமிர்த்துவதற்கு முன்பு நர்ஸ் வந்து குழாயை மூட வேண்டும், இல்லையென்றால் நீர் மளமளவென்று இறங்கிவிடும். வேகமாக ஏற்றினால் உடம்பு சிவந்து அரிக்கும் என்று வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை மெதுவாக ஏற்றினார்கள், நானும் ராத்திரியெல்லாம் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கிருமி போன பிறகு சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு (லேப்ராஸ்கோப்பி) பார்த்ததில் வயிற்றில் ஒட்டாத இடம் கொஞ்சம் கிடைத்தது, புது ஷன்டை அங்கேயே வைத்தார்கள்.

சிறுநீரில் புரதம் குறைந்துகொண்டே வருகிறது. மாடிக்கு நிற்காமல் ஏறிவிடுகிறான். அடுத்த எக்கோ தை மாதம்.