பழைய டீசல் ஸ்விஃப்ட்: முன்பணத்துக்கு முன் இன்ஜின் சோதனை

2012இல் பதிவான மாருதி ஸ்விஃப்ட் டீசல் கார் ஒன்று கோயம்புத்தூரில் விற்பனைக்கு வந்தபோது, அதிலுள்ள 1,248 சிசி ஃபியட் மல்டிஜெட் இன்ஜினின் நிலையை அறிந்த பிறகே முன்பணம் கொடுப்பது என்று தீர்மானித்தேன். ஓடோமீட்டரை நான் பொருட்படுத்தவில்லை. அதைக் குறைத்துக் காட்டுவது பழைய கார்ச் சந்தையில் புதிதல்ல.

சூடான இன்ஜின் தன் குறைகளை மறைத்துவிடும் என்பதால், நானும் என் மெக்கானிக்கும் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என உரிமையாளரிடம் முன்பே கேட்டுக்கொண்டிருந்தேன். பானெட் குளிர்ந்திருப்பதைத் தொட்டுப் பார்த்த பின் சாவியைத் திருப்பினோம். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது; சைலன்சரில் எழுந்த மெல்லிய வெண்புகையும் விரைவில் அடங்கியது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் கன்னங்கரேலென்று இருந்ததை மெக்கானிக் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீசல் இன்ஜினில் புது ஆயிலும் கரி சேர்ந்து சீக்கிரமே கறுத்துவிடும். பால் கலந்த தேநீர் போல வெளுத்திருந்தால்தான் தண்ணீர் கலந்திருக்கிறதோ என்று அஞ்ச வேண்டும்.

பிறகு, இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, பேக் கம்ப்ரஷன் இருக்கிறதா என்று பார்த்தார். பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டர் சுவர்களும் தேய்ந்திருந்தால், எரிந்த வாயு கீழே கசிந்து அந்த வாய் வழியே குபுகுபுவெனப் புகையாகத் தள்ளும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தால் சூடேறும் காற்றே டீசலைப் பற்றவைக்கிறது என்பதால், இந்தக் கசிவு மிகுந்தால் சிலிண்டர்களைக் கடைந்து சீராக்கும் ரீபோர் செலவு வரை போய்விடும். இங்கே லேசான காற்றுதான் வந்தது. இருந்தாலும் குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகச் சூடேற்றும் குளோ பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும், டீசலுக்கான கம்ப்ரஷன் கேஜைப் பொருத்திப் பார்க்கச் சொன்னேன். நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டின.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் ஐடிலிங்கில் இருந்த சிறு நடுக்கம் மட்டும் என்னை உறுத்தியது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய்களை நான்கு சிறு புட்டிகளில் விட்டு ஓடவிட்டபோது, ஒரு புட்டியில் மட்டும் டீசல் மற்றவற்றைவிட வேகமாக நிறைந்தது. அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருப்பது தெளிவாயிற்று. இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவின் சுழல் தண்டில் (ஷாஃப்ட்) ஆட்டம் இல்லை.

இன்ஜெக்டர் செலவை முழுமையாகக் கழிக்கக் கேட்டேன். உரிமையாளர் பாதிக்கு ஒப்புக்கொண்டார். பதிவாகிப் பதினைந்து ஆண்டு முடியும் 2027இல் ஆர்.சி.யை (பதிவுச் சான்றிதழை) புதுப்பிக்கும் செலவையும் கணக்கில் சேர்த்துப் பார்த்து, அந்த விலைக்கே வண்டியை வாங்கினேன்.