டிரெட்மில் பக்கத்துக் குறிப்புகள்

பிப்ரவரி 3

62 வயதுத் தன்னார்வலர் ஒருவருக்கு இன்று உச்ச ஆக்சிஜன் பயன்பாட்டுச் சோதனை: ஓடும்போது உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று பார்ப்பது. 220-இலிருந்து வயதைக் கழித்தால் இதயத்தின் உச்சத் துடிப்பு என்பது புத்தகக் கணக்கு; இவருக்கு 158. திரையில் இதயத் துடிப்பு 158-ஐத் தொட்டதும் என் ஆய்வு மாணவி நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்துவிட்டாள். "இரும்மா" என்றேன். இசிஜி சீராக இருந்தது, மருத்துவரும் பக்கத்திலேயே நின்றார்.

முகமூடி மாட்டியவரால் பேச முடியாது. அதனால் போர்க் அட்டையை முகத்துக்கு நேரே நீட்டினாள். உழைப்பு எவ்வளவு கடினமாகத் தெரிகிறது என்று ஓடுபவரே எண்ணால் காட்டும், 6-இல் தொடங்கி 20-இல் முடியும் அட்டை அது. வியர்த்த விரல் 15-இல் வந்து நின்றது. கடினம்தான், ஆனால் இன்னும் தாங்கும். மூன்று நிமிடம் கழித்து அதே விரல் 19-க்குப் போனது. அப்போது துடிப்பு 174. போதும் என்று அவரே கையைத் தூக்கினார்.

பிப்ரவரி 4

"புத்தகத்தில் அப்படித்தானே சார் இருக்கு?" நேற்று முழுக்க அதே கேள்விதான் அவளுக்கு. நியாயமான கேள்வி.

1971-இல் வந்த ஒரு கட்டுரையில், பழைய தரவுகளை ஒன்றாகப் போட்டுக் கண்ணளவில் இழுத்த கோடுதான் அந்த 220 கணக்கு. 2001-இல் வந்த திருத்தம், வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்கச் சொல்கிறது. அதன்படி பார்த்தாலும் நேற்று வந்தவருக்கு 165தான். ஒரே வயதுக்காரர்களுக்குள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு ஏறி இறங்குவது சகஜம். சராசரி என்பது ஆள் இல்லை. நானும் பல வருடம் இந்தக் கணக்கை அப்படியே பலகையில் எழுதிப் போட்டவன். அது இன்னும் உறுத்துகிறது.

பிப்ரவரி 11

மூச்சிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் கருவி, வெளிக்காற்றில் 20.93 சதவீதம் காட்ட வேண்டியது, 20.7 காட்டியது. காலையில் யாரும் சரிபார்க்கவில்லை. ஆறு பேரின் சோதனை வீண். அவர்களிடம் இன்னொரு முறை ஓடச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 17

முதலாண்டு வகுப்பில் டல்லாஸ் ஆய்வு. எத்தனை முறை நடத்தினாலும் அலுக்காத பாடம். 1966-இல் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உச்ச ஆக்சிஜன் அளவு கால் பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரைக் கூப்பிட்டு அளந்தபோது, அத்தனை வருட முதுமை இழக்க வைத்தது அந்த மூன்று வாரப் படுக்கையின் இழப்பைவிடக் குறைவு. ஆறு மாதப் பயிற்சியில் அதையும் மீட்டார்கள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "அப்போ மாரடைப்பு வந்தவங்களை வாரக்கணக்கில் படுக்க வெச்சது?" அந்தக் காலத்தில் அப்படித்தான் வைத்திருந்தார்கள். மீதி நேரம் முழுக்க அதைத்தான் பேசினோம்.

பிப்ரவரி 20

அந்த 62 வயதுக்காரர் முடிவு கேட்க வந்தார். நான் ஒதுங்கிக்கொண்டேன். மாணவி வரைபடத்தை விரித்து 158-இல் ஒரு புள்ளியும் 174-இல் ஒரு புள்ளியும் வைத்துக் காட்டினாள். நடுவே இருந்த இடைவெளியை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் கவனித்தேன். சோதனைப் படிவத்தில் 'நிறுத்தும் துடிப்பு' என்ற கட்டத்தை அவள் அடித்திருந்தாள். அதற்கு மேலே புதிதாக ஒரு கட்டம்: காலை 7.40, வெளிக்காற்று 20.93, அவள் கையெழுத்து.