கச்சான் ஓயும் வரை

மே 12, 2024, ஞாயிறு
சின்னவள் இன்றும் கேட்டாள், கரை தெரியாத இடத்துக்கு எப்ப கூட்டிக்கொண்டு போவீங்கள் என்று. அண்ணர் வள்ளம் தருகிறாராம். "நீயும் வாறியோ?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்துக் கேட்டார்.

மே 13, திங்கள்
அம்மனுக்கு விளக்கெரிக்கச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்தார்கள். வற்றாப்பளைப் பொங்கல் முடியும் வரை வீட்டில் மீன், மச்சம் இல்லை. கடலுக்குப் போவது ஒரு வாரம் தள்ளிப்போனதில் உள்ளுக்குள் ஆறுதல். உப்புத் தண்ணீரில் விளக்கு எப்படி எரியும் என்றான் மூத்தவன். எரியும், என்றேன்.

மே 16, வியாழன்
மூன்று கடை ஏறி இறங்கினேன். சின்னவளின் அளவுக்கு லைஃப் ஜக்கெற் இல்லை. பெரியதைப் போட்டுப் பார்த்தோம், காதுவரை ஏறி நிற்கிறது. தண்ணீரில் விழுந்தால் ஜக்கெற் மிதக்கும், பிள்ளை கீழால் நழுவிவிடும்.

மே 18, சனி
முள்ளிவாய்க்கால் கஞ்சி குடித்தோம். சின்னவள் உப்புக் காணாது என்றாள்.

மே 21, செவ்வாய்
நித்திரை இல்லை. கச்சான் காற்று கூரையைப் பிடித்து உலுப்புகிறது. எங்கள் கரைக்கு இது முதுகுக் காற்று, தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும், ஆட்கள் ஏமாறுவதும் அதில்தான். வெளியே எஞ்சின் நின்றால் வள்ளம் தானாகக் கரைக்கு வராது, கிழக்கே போய்க்கொண்டே இருக்கும். ஐயா இதைச் சொல்லும்போது சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. பதினைந்து வருடமாக முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காதவன் பிள்ளைகளுக்கு என்னத்தைக் காட்டப் போகிறேன்? ஜக்கெற்றுக்குக் கால்களுக்கிடையால் ஒரு கயிறு போட்டுத் தைத்தால் நழுவாதோ?

மே 23, வியாழன், வெசாக்
வங்கக் கடலில் தாழமுக்கம். கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு. சின்னவள் சாப்பிடவில்லை.

மே 27, திங்கள்
றெமால் புயல் வங்காளதேசத்தில் கரை ஏறிவிட்டதாம். இங்கே முருங்கை முறிந்ததோடு சரி. கயிறு தைத்துவிட்டேன்.

ஜூன் 1, சனி
போய் வந்தோம்.

நாலரைக்கு வள்ளம் தள்ளினோம். அண்ணர் பெற்றோலில் இழுத்து எடுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். அந்தப் புகை மணம் மூக்கில் பட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. ஆனால் சத்தி எடுத்தது மூத்தவன்தான், மூன்று தரம். அணியத்தைப் பிடித்தபடி இருந்தான், பாவம், ஒரு முறைப்பாடும் இல்லை.

பனையும் ரவரும் ஒரே கோட்டில் வந்ததும் அண்ணர் எஞ்சினை நிறுத்தினார். எட்டுப் பாகம் ஆழம். சூடை மீனை வெட்டித் தூண்டிலில் கோர்த்து இறக்கினோம். சின்னவளின் தங்கூசி நூல் விறைத்தது. விடமாட்டேன் என்று இரண்டு கையாலும் இழுத்தாள். விளைமீன், உள்ளங்கையிலும் கொஞ்சம் பெரிசு. வாயைத் திறந்து மூடிக்கொண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது என்ன சொல்லுது?" என்றாள்.

கரை மெல்லிய கோடாகத் தெரிந்துகொண்டே இருந்தது. அதற்கு அப்பால் போகச் சொல்லி அழுதாள். அண்ணர் என்னைப் பார்த்தார். காற்று எழும்புகிறது, திருப்புங்கோ என்றேன். காற்று எழும்பவில்லை.

எட்டரைக்குக் கரை. இவள், பிள்ளைகளின் அம்மா, மணலில் நின்றாள். எப்போதிருந்து நிற்கிறாள் என்று கேட்கவில்லை.

ஜூன் 2, ஞாயிறு
சின்னவளின் சுட்டுவிரலில் தங்கூசி அறுத்த கோடு. மஞ்சள் பூச விடவில்லை, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் காட்ட வேண்டுமாம்.

ஜூன் 4, செவ்வாய்
ஜக்கெற் இன்னும் கொடியில்தான். இரண்டு நாள் வெயிலிலும் காயவில்லை. அண்ணர் கேட்டனுப்பினார், இந்தச் சனி…